‘கிவ் மீ’ சரி, ‘எக்ஸ்பிளெயின் மீ’ தவறு: ஆங்கில வினைகளுக்கு இரண்டு செயப்படுபொருள் அமையும் விதம்

‘செண்ட் மீ த ஃபைல்’ சரி. ‘ஷேர் மீ த ஃபைல்’ தவறு. ‘டெல் மீ த ரீசன்’ சரி. ‘எக்ஸ்பிளெயின் மீ த ரீசன்’ தவறு. தமிழில் இந்த நாலுக்கும் ‘எனக்கு’ என்ற ஒரு சொல் போதும். ஃபைலை அனுப்பினாலும் பகிர்ந்தாலும், காரணத்தைச் சொன்னாலும் விளக்கினாலும் ‘எனக்கு’ மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ வினைச்சொல் மாறினால் அதற்குப் பின்னால் வரும் அமைப்பும் மாறும்.

பள்ளியில் ‘எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ’ (எழுவாய், வினை, மறைமுகச் செயப்படுபொருள், நேர்ச் செயப்படுபொருள்) என்று பேட்டர்னைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதியவர்கள்கூட வேலைக்குப் போனபின் தடுமாறுகிற இடம் இது. பேட்டர்ன் கேள்வியில் சரியான வாக்கியத்தைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. எந்த வினை அந்த பேட்டர்னுக்குள் நுழையும், எது நுழையாது என்பது கேள்வியில் வருவதே இல்லை. மின்னஞ்சல் எழுதும்போது தேவைப்படுவது அதுதான். கீழே உள்ள படிகளை வரிசையாகவே பாருங்கள். நான்காவதும் ஐந்தாவதும்தான் அதிகம் சறுக்கும் இடங்கள்.

படி 1: எது கைமாறுகிறது, யார் பெறுகிறார்?

‘ஐ கேவ் ரவி த கீ’. வினை ‘கேவ்’. எதைக் கொடுத்தேன்? சாவியை. இது டைரக்ட் ஆப்ஜெக்ட், நேர்ச் செயப்படுபொருள். யாருக்குக் கொடுத்தேன்? ரவிக்கு. இது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், மறைமுகச் செயப்படுபொருள்.

தமிழில் சாவியோடு ‘ஐ’ ஒட்டிக்கொள்கிறது, ரவியோடு ‘கு’ ஒட்டிக்கொள்கிறது. உருபு ஒட்டியிருப்பதால் சொற்களை எங்கே தூக்கிப் போட்டாலும் பொருள் கெடாது: சாவியை ரவிக்குக் கொடுத்தேன், ரவிக்குச் சாவியைக் கொடுத்தேன், கொடுத்தேன் ரவிக்குச் சாவியை. ஆங்கிலத்தில் ரவியும் சாவியும் வெறும் பெயர்களாக நிற்கின்றன. யார் வாங்கினார், எதை வாங்கினார் என்பதைக் காட்ட அங்கே இடம் ஒன்றுதான் இருக்கிறது. ‘ஐ கேவ் த கீ ரவி’ என்று திருப்பினால் சாவிக்கு ரவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப்போல உருபு வைத்திருந்த மொழிதான். பழைய ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினெ’, ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’. அந்த வேறுபாடு தேய்ந்து இன்று இரண்டுக்கும் ‘ஹிம்’ ஒன்றே மிஞ்சியிருக்கிறது. உருபு போன இடத்தைச் சொல்வரிசை பிடித்துக்கொண்டது.

‘எதை’ என்ற கேள்வியை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் வரும். ‘ஐ ஷோட் த டாக்டர் மை சன்’ என்ற வாக்கியத்தில் இருவருமே மனிதர்கள். ‘யாரை, யாருக்கு’ என்று குழம்பாமல், யார் பெறுகிறார் என்று பாருங்கள். பார்க்கும் வாய்ப்பைப் பெறுபவர் டாக்டர், காட்டப்படுபவன் மகன். ஆகவே டாக்டர் இன்டைரக்ட், மகன் டைரக்ட்.

இன்னொரு குழப்பம் ‘மேக்’ போன்ற வினைகளில். ‘தே மேட் ஹிம் டீ’, ‘தே மேட் ஹிம் கேப்டன்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். நடுவில் ஓர் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஹீ இஸ் கேப்டன்’ பொருந்துகிறது. ஆகவே அது எஸ்.வி.ஓ.சி, அதாவது செயப்படுபொருளும் அது யார், என்ன என்று சொல்லும் நிரப்பியும் (காம்ப்ளிமெண்ட்) வரும் அமைப்பு. ‘ஹீ இஸ் டீ’ பொருந்தாது. ஆகவே அதுதான் இரண்டு செயப்படுபொருள் வாக்கியம். ‘கால் மீ எ டாக்ஸி’ என்று கேட்டவரிடம் ‘ஓகே, யூ ஆர் எ டாக்ஸி’ என்று பதில் சொல்லும் பழைய ஜோக் இந்த இரட்டைப் பொருளில்தான் பிறந்தது.

படி 2: இரண்டு வரிசைகள், மூன்றாவது கிடையாது

ஒன்று, ஆள் முதலில், பொருள் பின்னால், நடுவில் எந்தச் சொல்லும் இல்லை: ‘ஐ கேவ் ரவி த கீ’.

மற்றொன்று, பொருள் முதலில், அதன்பின் ‘டு’ அல்லது ‘ஃபார்’, கடைசியில் ஆள்: ‘ஐ கேவ் த கீ டு ரவி’.

இந்த இரண்டையும் கலந்தால் வருவதுதான் நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ‘ஐ கேவ் டு ரவி த கீ’. ‘ரவிக்கு’ என்று மனம் நினைக்கிறது, ‘கு’ இருக்கும் இடத்தில் வாய் தானாக ‘டு’ போட்டுவிடுகிறது. ஆள் வினையை ஒட்டி வந்தால் ‘டு’ வேண்டாம். பொருள் வினையை ஒட்டி வந்தால் ‘டு’வை விடக்கூடாது. பொருள் மிக நீளமாக இருக்கும்போது எழுத்து நடையில் ‘ஹீ கேவ் டு ஹிஸ் டாட்டர் ஆல் த லேண்ட் ஹிஸ் ஃபாதர் ஹேட் லெஃப்ட்’ என்று வருவதுண்டு. அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், பழக வேண்டியதில்லை.

‘ஐ கேவ் த கீ டு ரவி’யில் வரும் ரவியை இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று சொல்லலாமா? சில நூல்கள் சொல்லும், சில சொல்லாது. ‘டு’வோடு சேர்ந்த சொற்றொடர் என்று தனியாக வைக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் சொல்வதையே எழுதட்டும். பேசுவதற்கும் எழுதுவதற்கும் அந்தப் பெயரால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

படி 3: ‘டு’வா, ‘ஃபார்’ஆ?

நன்னூல் ‘கு’ உருபுக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று பொருள்களை அடுக்குகிறது. இதில் இரண்டை எடுத்துக்கொண்டால் இந்தப் படி முடிந்தது. கொடைப் பொருளில் வரும் ‘கு’வுக்கு ‘டு’. பொருட்டு என்ற பொருளில் வரும் ‘கு’வுக்கு ‘ஃபார்’.

கொடை என்றால், செயல் நடக்கும்போதே பொருள் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகிறது. வாங்குபவர் இல்லாமல் செயலே இல்லை. கிவ், செண்ட், ஷோ, டெல், டீச், லெண்ட், ஆஃபர், பாஸ், பே, செல், ஹேண்ட், பிராமிஸ், த்ரோ எல்லாம் இந்த வகை. வாங்க ஆள் இல்லாமல் ஒன்றைக் கொடுக்க முடியாது, கடனும் தர முடியாது.

பொருட்டு என்றால், செயல் தனியாகவே நடந்துவிடும். அதன் பலன் ஒருவருக்குப் போகிறது. பை, மேக், குக், கெட், ஃபைண்ட், புக், ஆர்டர், சூஸ், பேக் (சுடுவது), போர் (ஊற்றுவது), பில்ட் இந்த வகை. சோறு சமைக்க இன்னொருவர் தேவையில்லை. சமைத்தபின் அது யாருக்கு என்பது அடுத்த கேள்வி.

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்த வினையோடு ‘கொடு’, ‘தா’ துணைவினையாக வந்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். வாங்கிக் கொடுத்தான், செய்து தந்தாள், தேடிக் கொடுத்தார், டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். ஒட்டினால் பெரும்பாலும் ‘ஃபார்’: ‘ஹீ பாட் எ வாட்ச் ஃபார் மீ’, ‘ஐ புக்ட் எ டிக்கெட் ஃபார் ஹர்’. அனுப்பினேன், விற்றேன், காட்டினேன் என்று வினை தனியாக நின்றே பொருள் முடிந்தால் ‘டு’. இந்தச் சோதனைக்கு அடங்காதவை இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: ‘சொல்லிக் கொடு’ என்பது ‘டீச்’, அதற்கு ‘டு’, ‘கொண்டுவந்து கொடு’ என்பது ‘பிரிங்’, அதற்கும் பொதுவாக ‘டு’.

சில வினைகள் இரண்டையும் எடுக்கும், பொருள் மாறும். ‘ஐ ரோட் எ லெட்டர் டு ஹிம்’ என்றால் கடிதம் அவருக்குப் போகிறது. ‘ஐ ரோட் எ லெட்டர் ஃபார் ஹிம்’ என்றால் அவருக்கு எழுதத் தெரியாததாலோ நேரம் இல்லாததாலோ நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். கடிதம் வேறு யாருக்கோ போகிறது. ‘ஐ ரோட் ஹிம் எ லெட்டர்’ என்று சுருக்கினால் பொதுவாக முதல் பொருள்தான் கிடைக்கும்.

‘த்ரோ’வில் கவனம் தேவை. ‘ஹீ த்ரூ த பால் டு மீ’ என்றால் பிடிப்பதற்காக எறிந்தான். ‘ஹீ த்ரூ த பால் அட் மீ’ என்றால் அடிப்பதற்காக. ‘ஹீ த்ரூ மீ த பால்’ முதல் பொருளை மட்டுமே தரும். கல்லெறி பற்றிப் புகார் எழுதும்போது ‘டு’ போட்டுவிடாதீர்கள்.

படி 4: ‘ஃபார்’ வரும் எல்லா இடத்திலும் ஆளை முன்னால் கொண்டுவர முடியாது

‘ஐ குக்ட் டின்னர் ஃபார் மை மதர்’ என்பதை ‘ஐ குக்ட் மை மதர் டின்னர்’ என்று மாற்றலாம். ‘ஐ ஓபன்ட் த டோர் ஃபார் ஹர்’ என்பதை ‘ஐ ஓபன்ட் ஹர் த டோர்’ என்று மாற்ற முடியாது. ‘ஹீ ரிப்பேர்ட் த ஃபேன் ஃபார் அஸ்’ சரி, ‘ஹீ ரிப்பேர்ட் அஸ் த ஃபேன்’ தவறு.

முன்னால் வந்து நிற்கும் ஆள் அந்தப் பொருளைப் பெற்றாக வேண்டும் என்பதே காரணம். சாப்பாடு அம்மாவின் தட்டுக்கு வருகிறது. கதவு அவள் கைக்கு வருவதில்லை, திறக்க மட்டும் செய்கிறது. மின்விசிறி முன்பும் நம் வீட்டில்தான் இருந்தது, இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. பொருட்டு மட்டும் இருந்தால் ‘ஃபார்’ போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பொருட்டு கொடையில் போய் முடிந்தால்தான் ஆளை முன்னால் நிறுத்தலாம்.

‘ஐ குக்ட் டின்னர் ஃபார் மை மதர்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அம்மா சமைக்க வேண்டிய நாளில் அவருக்குப் பதிலாக நான் சமைத்தேன். ‘ஐ குக்ட் மை மதர் டின்னர்’ என்றதும் அந்தப் பொருள் மறைந்துவிடும். அம்மா சாப்பிடத்தான் வேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே விதிதான். ‘ஐ செண்ட் எ பார்சல் டு மதுரை’ சரி. ‘ஐ செண்ட் மதுரை எ பார்சல்’ கூடாது. மதுரை போய்ச் சேரும் இடம், பெறும் ஆள் இல்லை. ஆனால் ‘ஐ செண்ட் த மதுரை ஆஃபீஸ் எ பார்சல்’ எனலாம். அலுவலகம் என்றால் அதில் வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

பெறுதல் என்பது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கைக்கு வராமல் போவதும் இதில் சேரும். ‘தே ரெஃப்யூஸ்ட் ஹிம் எ வீசா’, ‘தே டினைட் ஹர் பெயில்’ இரண்டும் இந்த அமைப்பில் இயல்பாக உட்காருகின்றன.

படி 5: இந்த வரிசைக்குள் வராத வினைகள்

பொருளைப் பார்த்தால் கொடை இருக்கிறது, ஆனாலும் ஆளை முன்னால் விடாத வினைகள் ஒரு கூட்டம். அலுவலக ஆங்கிலத்தில் பிழைகள் குவிவது இங்கேதான். எக்ஸ்பிளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட், இன்ட்ரடியூஸ், மென்ஷன், ரிப்போர்ட், அனவுன்ஸ், டெமான்ஸ்ட்ரேட், சப்மிட், டொனேட், ரிவீல், ரிப்பீட், கன்ஃபெஸ், புரப்போஸ். இவற்றில் பொருள் முதலில், ‘டு’ போட்டு ஆள் பின்னால். வேறு வழியில்லை.

‘எக்ஸ்பிளெயின் மீ த பிராப்ளம்’ கூடாது. ‘எக்ஸ்பிளெயின் த பிராப்ளம் டு மீ’.
‘சஜஸ்ட் மீ எ குட் டாக்டர்’ கூடாது. ‘சஜஸ்ட் எ குட் டாக்டர்’. ‘டு மீ’ சேர்க்காவிட்டாலும் புரியும்.
‘ஹீ டொனேட்டட் த டெம்பிள் எ பெல்’ கூடாது. ‘ஹீ டொனேட்டட் எ பெல் டு த டெம்பிள்’.
‘இன்ட்ரடியூஸ் மீ யுவர் பிரதர்’ கூடாது. ‘இன்ட்ரடியூஸ் மீ டு யுவர் பிரதர்’ அல்லது ‘இன்ட்ரடியூஸ் யுவர் பிரதர் டு மீ’.

‘டிஸ்கிரைப் மீ’ என்று மட்டும் சொன்னால் அதுவும் ஒரு வாக்கியம்தான், ஆனால் பொருள் ‘என்னை வர்ணி’ என்றாகிவிடும். ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்றால் ‘நான் எப்படிப்பட்ட ஆள் என்று விளக்கு’. வினையை ஒட்டி நிற்கும் ஒற்றைச் செயப்படுபொருளை ஆங்கிலம் டைரக்ட் ஆப்ஜெக்டாகத்தான் எடுத்துக்கொள்ள முயலும்.

பட்டியலை மனப்பாடம் செய்யாமல் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. ஆளை முன்னால் விடும் வினைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள்: சின்னவை, ஓரசை உடையவை. விடாதவை பெரும்பாலும் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை: நீளமானவை, அழுத்தம் முதல் அசையில் விழாதவை. கிவ், டெல், ஷோ, செண்ட் ஒரு பக்கம். எக்ஸ்பிளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட், சப்மிட் மறுபக்கம். ‘ஆஃபர்’, ‘பிராமிஸ்’ இரண்டும் வந்தேறிகள்தான், ஆனால் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் சொந்தச் சொற்களோடு சேர்ந்துகொண்டன. இது ஊகத்துக்கு உதவும் அளவுகோல் மட்டுமே. ‘சே’ சின்னச் சொல், சொந்தச் சொல், ஆனாலும் ‘சே மீ’ கிடையாது. ‘மென்ஷன்’ முதல் அசையில் அழுத்தம் பெற்றும் உள்ளே வராது. மறுபக்கம் ‘அசைன்’, ‘அவார்ட்’, ‘அலாட்’, ‘கேரண்ட்டி’ அழுத்தம் பின்னால் இருந்தும் உள்ளே வந்துவிட்டன: ‘த யுனிவர்சிட்டி அவார்டட் ஹர் எ டிகிரி’.

பேசும் விதத்தைச் சொல்லும் வினைகளும் வெளியேதான். விஸ்பர், ஷவுட், மம்பிள் எல்லாம் ‘டு’ கேட்கும்: ‘ஷீ விஸ்பர்ட் த ஆன்ஸர் டு மீ’. ஆனால் செய்தி அனுப்பும் கருவியிலிருந்து பிறந்த புதுச் சொற்கள் தாராளமாக உள்ளே வருகின்றன: ‘ஈமெயில் மீ த பில்’, ‘டெக்ஸ்ட் மீ த அட்ரஸ்’, ‘வாட்ஸ்அப் மீ த லொகேஷன்’.

‘ரெகமெண்ட்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ரெகமெண்ட் மீ எ புக்’ என்பது பேச்சில் கேட்கும். எழுதும்போது ‘ரெகமெண்ட் எ புக் டு மீ’ என்பதே பாதுகாப்பு.

படி 6: ‘டு’வும் இல்லாமல் ‘ஃபார்’உம் இல்லாமல் வேறு சொல் கேட்பவை

‘ஷேர்’ என்றால் ‘வித்’. ‘ஷேர் த லிங்க் வித் மீ’. பகிரும்போது பொருள் உங்களிடமும் இருக்கிறது, எதிராளியிடமும் இருக்கிறது, கைமாறி முடிவதில்லை.

புரொவைட், சப்ளை இரண்டும் ஆளை முன்னால் வைத்தால் பொருளுக்கு முன் ‘வித்’ கேட்கும்: ‘த ஹாஸ்டல் புரொவைட்ஸ் அஸ் வித் ஃபுட்’. பொருளை முன்னால் வைத்தால் ‘த ஹாஸ்டல் புரொவைட்ஸ் ஃபுட் டு அஸ்’, ‘ஃபார் அஸ்’ இரண்டும் ஓடும். ‘புரொவைட்ஸ் அஸ் ஃபுட்’ அமெரிக்கப் பேச்சில் கேட்கும். தேர்விலும் விண்ணப்பத்திலும் ‘வித்’தை விடாதீர்கள்.

இன்ஃபார்ம், ரிமைண்ட் இரண்டுக்கும் ‘ஆஃப்’: ‘பிளீஸ் இன்ஃபார்ம் அஸ் ஆஃப் த டேட்’. ‘இன்ஃபார்ம் டு அஸ்’ வேண்டாம். ‘ரிப்ளை’க்கு நேர் எதிர், அங்கே ‘டு’ கட்டாயம்: ‘ரிப்ளை மீ’ கூடாது, ‘ரிப்ளை டு மீ’.

திருட்டில் இரண்டு வினை. ‘ராப்’ பறிகொடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும்: ‘தே ராப்ட் ஹிம் ஆஃப் ஹிஸ் மனி’. ‘ஸ்டீல்’ போன பொருளைப் பிடித்துக்கொள்ளும்: ‘தே ஸ்டோல் மனி ஃபிரம் ஹிம்’.

லெண்ட், பாரோ இரண்டுக்கும் தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் வருவதால் மாறிப்போகிறது. ‘லெண்ட் மீ யுவர் பென்’ சரி. ‘பாரோ மீ யுவர் பென்’ இல்லவே இல்லை. பாரோ என்பது வாங்குவது, அதற்கு ‘ஃபிரம்’: ‘ஐ பாரோட் எ பென் ஃபிரம் ஹர்’.

படி 7: சொல், கேள்

‘டெல்’ ஆளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்: ‘ஹீ டோல்ட் மீ த ட்ரூத்’. ‘சே’ ஆளை ஒட்ட விடாது: ‘ஹீ செட் சம்திங் டு மீ’. இரண்டையும் கலந்து ‘ஹீ டோல்ட் டு மீ’ என்பது தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் மிகப் பரவலான பிழை. ‘டோல்ட்’ வந்தவுடன் ஆள் வர வேண்டும், நடுவில் எதுவும் இல்லை. ‘டெல் த ஸ்டோரி டு யுவர் சிஸ்டர்’ சரிதான், ஏனென்றால் அங்கே ‘டெல்’லை ஒட்டி நிற்பது கதை.

‘ஆஸ்க்’ இன்னும் கறார். ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் எ கொஸ்டின்’ என்பதுதான் வழக்கமான வழி. ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ கிடையாது, ‘ஆஸ்க்ட் எ கொஸ்டின் டு ஹிம்’ கூடக் கிடையாது. ‘அவனிடம்’ என்பதில் உள்ள ‘இடம்’ ஆங்கிலத்தில் மறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்க் போலவே ஆள் முதலில் என்ற ஒற்றை வரிசையில் மட்டும் வருபவை சில: காஸ்ட், சார்ஜ், ஃபைன், பெட், என்வி, ஃபர்கிவ். ‘த ரிப்பேர் காஸ்ட் மீ ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ்’ என்பதைத் திருப்பி ‘காஸ்ட் ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ் டு மீ’ என்று சொல்ல முடியாது. செயலையே பொருளாக்கிச் சொல்லும் ‘கிவ்’வும் அப்படித்தான்: ‘கிவ் த டோர் எ புஷ்’, ‘த நாய்ஸ் கேவ் மீ எ ஹெட்ஏக்’. தலைவலியை யாரும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. ‘கேவ் எ ஹெட்ஏக் டு மீ’ என்றால் காதுக்கு உறுத்தும்.

படி 8: இரண்டும் சரி என்றால் எதைச் சொல்வது?

கேட்பவருக்குத் தெரிந்தது முன்னால், புதியது பின்னால். ‘ரவிக்கு என்ன கொடுத்தாய்?’ என்ற கேள்விக்கு ‘ஐ கேவ் ரவி த கீ’. ‘சாவி யாரிடம்?’ என்ற கேள்விக்கு ‘ஐ கேவ் த கீ டு ரவி’. தமிழ் இதை அழுத்தத்தாலும் ‘தான்’ போட்டும் செய்துவிடும். ஆங்கிலம் கடைசி இடத்தை வைத்துச் செய்கிறது.

நீளமானது பின்னால். ‘ஐ கேவ் த கீ டு த மேன் ஹூ லிவ்ஸ் அபவ் த மெடிக்கல் ஷாப்’ நன்றாக ஓடும். ஆளை முன்னால் வைத்தால் கேட்பவர் சாவி வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும்.

பொருள் ‘இட்’ அல்லது ‘தெம்’ என்றால் யோசிக்கவே வேண்டாம், அது முன்னால்: ‘கிவ் இட் டு மீ’, ‘செண்ட் தெம் டு ஹர்’. ‘கிவ் மீ இட்’ பிரிட்டிஷ் பேச்சில் காதில் விழலாம், எழுதாதீர்கள். ‘கிவ் ரவி இட்’ அதைவிட மோசம். ‘திரும்ப’ என்ற பொருள் தரும் ‘பேக்’ சேர்ந்தாலும் இதே ஒழுங்கு: ‘கிவ் மீ பேக் மை பென்’, ஆனால் ‘கிவ் இட் பேக் டு மீ’.

படி 9: செயப்பாட்டு வினை

‘ஷீ கேவ் மீ எ பென்’ என்பதற்கு இரண்டு செயப்பாட்டு வாக்கியங்கள் வரும். ‘ஐ வாஸ் கிவன் எ பென்’, ‘எ பென் வாஸ் கிவன் டு மீ’. முதலாவதுதான் ஆங்கிலத்துக்கு இயல்பு. தமிழில் ‘நான் பேனா கொடுக்கப்பட்டேன்’ என்பது அபத்தம், அதனால் நமக்கு அந்த வாக்கியம் எளிதில் வாயில் வராது. பழக்கிக்கொள்ள வேண்டும்: ‘ஐ வாஸ் டோல்ட்’, ‘ஐ வாஸ் ஆஃபர்ட் எ ஜாப்’, ‘வீ வேர் ஷோன் த ரூம்’, ‘தே வேர் பெய்ட் தேர் சாலரி’.

பழகியபின் வேறொரு பள்ளம் காத்திருக்கும். நேர்காணலில் ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெயிண்ட் த பிராசஸ்’, ‘ஐ வாஸ் சஜஸ்டட் டு டேக் திஸ் கோர்ஸ்’ என்று சொல்பவர்கள் விழுவது அதில்தான். படி 5-இல் ஆளை முன்னால் விடாத வினை, செயப்பாட்டிலும் ஆளை எழுவாயாக விடாது. ‘எக்ஸ்பிளெயின் மீ’ இல்லையென்றால் ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெயிண்ட்’ இல்லை. ‘த பிராசஸ் வாஸ் எக்ஸ்பிளெயிண்ட் டு மீ’ என்று சொல்லுங்கள், அல்லது ‘ஐ வாஸ் டோல்ட் அபவுட் த பிராசஸ்’ என்று வினையையே மாற்றிவிடுங்கள். ‘சஜஸ்ட்’டுக்குப் பதில் ‘ஐ வாஸ் அட்வைஸ்ட் டு டேக் திஸ் கோர்ஸ்’.

‘ஃபார்’ வகை வினைகளில் பொருளை எழுவாயாக்குவதே நல்லது: ‘த கேக் வாஸ் மேட் ஃபார் மீ’. ‘ஐ வாஸ் மேட் எ கேக்’ என்றால் கேட்பவர் ஒரு நொடி விழிப்பார்.

படி 10: கேள்வியிலும் இணைப்பிலும் ‘டு’வைத் தொலைக்காதீர்கள்

‘நீ யாருக்குச் சாவி கொடுத்தாய்?’ என்பது ‘ஹூ டிட் யூ கிவ் த கீ டு?’. கடைசியில் தொங்கும் ‘டு’ அநாதையாகத் தெரிந்தாலும் அதை வெட்டக்கூடாது. ‘டு ஹூம் டிட் யூ கிவ் த கீ?’ இதன் சட்டை போட்ட வடிவம்; கடிதத்தில் சரி, பேச்சில் விறைப்பு. ‘நான் பணம் கொடுத்த ஆள்’ என்பதும் இப்படியே: ‘த மேன் ஐ கேவ் த மனி டு’. தமிழ்ப் பெயரெச்சம் ‘கு’வை முழுதாக விழுங்கிவிடுவதால் நாமும் ‘டு’வை விழுங்கி ‘த மேன் ஐ கேவ் த மனி’ என்று நிறுத்திவிடுகிறோம். பொருளைப் பற்றிய கேள்விக்கு இந்தத் தொல்லை இல்லை: ‘வாட் டிட் யூ கிவ் ஹிம்?’.

கையை வைத்துப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விடையைப் பாருங்கள்.

‘அம்மா எனக்குப் புடவை வாங்கிக் கொடுத்தார்’: ‘மை மதர் பாட் மீ எ சாரி’ அல்லது ‘பாட் எ சாரி ஃபார் மீ’. ‘டு மீ’ வராது. துணைவினை ‘கொடு’ இருக்கிறது.

‘மேனேஜர் எங்களுக்குப் புது விதிகளை விளக்கினார்’: ‘த மேனேஜர் எக்ஸ்பிளெயிண்ட் த நியூ ரூல்ஸ் டு அஸ்’. வேறு வரிசை இல்லை.

‘அதை அவளிடம் கொடு’: ‘கிவ் இட் டு ஹர்’.

‘எனக்கு விலை சொல்லப்படவில்லை’: ‘ஐ வாஸ் நாட் டோல்ட் த பிரைஸ்’.

‘பாட்டிக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்’: ‘ஐ ரெட் மை கிராண்ட்மதர் த லெட்டர்’ அல்லது ‘ஐ ரெட் த லெட்டர் டு மை கிராண்ட்மதர்’. ‘ஃபார்’ போட்டால், பாட்டிக்குப் பதிலாக நீங்கள் படித்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

‘அவருக்கு அந்த நிலத்தை விற்றுக் கொடுத்தேன்’: ‘ஐ சோல்ட் த லேண்ட் ஃபார் ஹிம்’. ‘ஐ சோல்ட் ஹிம் த லேண்ட்’ என்று எழுதிவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர் அதை வாங்கியவராக ஆகிவிடுவார்.